பிழை தெரிந்த கடிகாரமே சரியான கடிகாரம்



இம்மாதம் ஒரு சகோதரியின் கடிதத்தோடு ஆரம்பிக்கிறேன். தமது ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சேமிப்புக் குழுவின் கணக்குகளை இவர்தான் எழுதி வருகிறார். வீட்டில் ஒரு பழைய கணனி, மகளிடம் இன்னொரு கணனி. வீட்டில் இணைய இணைப்பு இல்லை. தாய் எழுதுவதைச் சிறு பென் ட்ரைவ் ஒன்றில் எடுத்து மகளின் கணனியிலும் ஒரு பிரதி போட்டு வைப்பது வழக்கம்.

ஒரு நாள் குழுவிலுள்ள ஒருவர் தமது கடன் தவணை பற்றிக் கேட்டிருக்கிறார். கணனியில் பார்த்தால் அவர் பணம் செலுத்திய திகதி பல வருடங்களுக்கு முந்தியதாக இருந்திருக்கிறது. குழு ஆரம்பிக்கப்படுவதற்கே முந்திய திகதி அது! அதே வாரம் இரண்டு கணனிகளிலும் உள்ள கணக்குகளை ஒப்பிட்டபோது, 'புதியது' என்று கணனி காட்டியதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருக்கிறார்கள். பின்னர்தான் தெரிந்தது, அழிந்ததுதான் உண்மையில் புதியது என்று. இரண்டு வாரக் கணக்கு போய்விட்டது. "பணத்தில் ஒரு சதமும் குறையவில்லை மௌலவி, ஆனால் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். இணையம் இல்லாமலே இரண்டு கணனிகளையும் ஒரே நேரத்தில் ஓட வைக்க வழி உண்டா என்பது அவருடைய கேள்வி.

உண்டு சகோதரி. அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு கொப்பியும் பேனாவும் மாதத்திற்குப் பத்து நிமிடமும் போதும். ஆனால் முதலில் கணனிக்குள் நேரம் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். நோய் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாதல்லவா?

கணனிக்குள் ஒரு கைக்கடிகாரம்

கணனியை நிறுத்தி, வயரையும் கழற்றி வைத்துவிட்டு அடுத்த நாள் போட்டாலும் அது சரியான நேரத்தையே காட்டுகிறது. எப்படி? அதன் பிரதான பலகையில் ஒரு சிறு கடிகாரம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது நாணயம் போன்ற ஒரு வட்டப் பற்றரி. பெரும்பாலும் அதன் மேல் 'சீ.ஆர். 2032' என்றும் 3 வோல்ட் என்றும் எழுதப்பட்டிருக்கும்.

அந்தக் கடிகாரத்தின் இதயம் ஒரு துண்டு குவார்ட்ஸ் படிகம். பாடசாலையில் நாம் தட்டிப் பார்த்த இசைக்கவையின் வடிவில், ஆனால் அரிசிமணி அளவுக்குச் சிறியதாக அதை வெட்டியிருப்பார்கள். மின்சாரம் பட்டதும் அது ஒரு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். ஏன் இந்த விசித்திரமான எண்? 32,768ஐப் பாதியாக்கி, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கி, இப்படி 15 தடவை செய்து பாருங்கள். மீதி இல்லாமல் சரியாக 1 வரும். அந்த ஒன்றுதான் ஒரு செக்கன். உங்கள் கையிலுள்ள சாதாரணக் கைக்கடிகாரமும், வீட்டுச் சுவரில் தொங்கும் மணிக்கூடும், பள்ளிவாசலில் வக்துகளைக் காட்டும் டிஜிட்டல் பலகையும் இதே முறையில்தான் பொதுவாக ஓடுகின்றன.

கணனியை இயக்கியதும் அது இந்தச் சிறு கடிகாரத்திடம் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. பின்னர் ஓடும் நேரமெல்லாம் தானே எண்ணிக்கொள்கிறது. இணையம் உள்ள கணனியாக இருந்தால் அவ்வப்போது வெளியிலுள்ள நேரச் சேவை ஒன்றைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லாத கணனிக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை. தான் நினைப்பதே சரி என்று அது இருந்துவிடும்.

நேரம் ஏன் பிசகுகிறது?

இந்தப் படிகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சாதாரணமாக விற்கப்படும் படிகத்தில் பத்து இலட்சத்தில் 20 பங்கு வரை கூடலாம் அல்லது குறையலாம். கேட்பதற்கு இது ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் ஒரு நாளில் 86,400 செக்கன்கள் உள்ளன. கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 1.7 செக்கன் பிழை வருகிறது. மாதத்தில் அது 52 செக்கன். வருடத்தில் பத்து நிமிடத்திற்கும் மேல்! தாயின் கணனி இந்த அளவு முந்தியும் மகளின் கணனி இதே அளவு பிந்தியும் ஓடினால், ஒரே மாதத்தில் இரண்டுக்கும் இடையே ஒன்றே முக்கால் நிமிட இடைவெளி விழுந்துவிடும். பழைய கணனிகள் சில இதைவிட மோசமாகவும் ஓடும்.

வெப்பநிலையும் இதைப் பாதிக்கும். இவ்வகைப் படிகங்கள் ஏறக்குறைய 25 பாகை செல்சியஸில் சரியாக ஓடுமாறு வெட்டப்பட்டவை. அதைவிடச் சூடு கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். கைக்கடிகாரம் நம் உடம்புச் சூட்டில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. கணனியோ இயங்கும்போது சூடாகி, நிறுத்தினால் ஆறிவிடுகிறது. நல்ல கைக்கடிகாரம் விலை கூடிய கணனியைவிடச் சரியாக நேரம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவையெல்லாம் சிறு பிழைகள். அந்தச் சகோதரிக்கு நேர்ந்தது பெரும் பிழை. அதன் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வட்டப் பற்றரி செத்துவிட்டது. அது செத்த பிறகு கணனியின் மின்சாரத்தைத் துண்டித்தால், மின்வெட்டு வந்தாலும்கூட, உள்ளே உள்ள கடிகாரம் நின்றுவிடும். மீண்டும் போடும்போது, கணனி செய்யப்பட்ட காலத்தில் பதிந்து வைத்த ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எண்ணத் தொடங்கும். அன்று எழுதிய கணக்குகள் எல்லாம் அந்தப் பழைய திகதியைச் சுமந்துகொண்டு போய் வரிசையின் அடியில் ஒளிந்துகொள்ளும். பொய் சொன்னது கணனி. பழியோ எழுதிய பெண்ணின் தலையில்!

நமது நாட்டுக்கே உரிய மூன்றாவது பிழை ஒன்றும் உண்டு. மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, 1996 மே மாதத்தில் நமது கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினோம். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தோம். 2006 ஏப்ரலில் மீதி அரை மணித்தியாலத்தையும் எடுத்து, கிரீனிச் நேரத்திற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்திற்கே திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில் செய்யப்பட்டு, அதன் பிறகு இணையத்தையே காணாத கணனிகள் சிலவற்றில் இலங்கைக்கு நேரே 6 மணித்தியாலம் என்றே பதிந்திருக்கும். பழைய கணனியை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் இலங்கைக்கு நேரே 5:30 இல்லாவிட்டால் சென்னை, கொல்கத்தா என்று உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். இந்தியாவின் நேரமும் நம்முடைய நேரமும் ஒன்றுதான்.

வலையமைப்பு இல்லாத காலத்தில்

சகோதரிகளே! தூரத்தில் உள்ள கடிகாரங்களை ஒன்றுக்கொன்று ஒத்து வைப்பது இன்று வந்த பிரச்சினை அல்ல. கம்பியும் இல்லை, வானொலியும் இல்லை என்ற காலத்தில் மனிதர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால் நமக்கு வேண்டிய வழி கிடைத்துவிடும்.

மம்லூக்குகளின் ஆட்சிக் காலத்தில் எகிப்திலும் ஷாமிலும் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்றொரு பதவி இருந்தது. தொழுகையின் வக்துகளைக் கணித்துச் சொல்வது அவருடைய வேலை. டமஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலில் அந்தப் பணியைச் செய்தவர் வானியல் அறிஞர் இப்னுஷ் ஷாதிர். 1371ஆம் ஆண்டளவில் அவர் ஏறக்குறைய 2 மீற்றர் நீளமான பளிங்குக் கல்லில் ஒரு சூரியக் கடிகாரம் செய்து, அங்குள்ள மினாராவில் வைத்தார். ஆளுக்கொரு நேரம் சொல்லாமல் ஓர் இடத்தையே நம்பி ஊர் நடந்தது. நமக்கு இதிலுள்ள முதற்பாடம் இதுதான்: நேரத்திற்கு ஒரு தாய் வேண்டும்.

இரண்டாவது பாடம் கடலில் இருந்து வருகிறது. பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. எனவே கிழக்கே மேற்கே ஒரு பாகை நகர்ந்தால் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் 4 நிமிடம் மாறும். கல்முனை கொழும்பிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 2 பாகை தள்ளியிருப்பதால் அங்கே சூரியன் 8 நிமிடம் அளவில் முந்தி உச்சிக்கு வருகிறது. நமது தொழுகை நேர அட்டவணைகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். கடலோடிகளுக்கும் இந்தக் கணக்குத் தேவைப்பட்டது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் கப்பலிலும் சரியாக வைத்திருந்தால், சூரியனைப் பார்த்துத் தாம் எவ்வளவு தூரம் கிழக்கே அல்லது மேற்கே வந்திருக்கிறோம் என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் ஆடும் கப்பலில் சரியாக ஓடும் கடிகாரம் எங்கே இருந்தது? அதனால் கப்பல்கள் பாறைகளில் மோதி அழிந்தன. 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இதற்கு வழி காண்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது.

அந்தக் கடிகாரத்தைச் செய்தவர் ஜோன் ஹரிசன் என்ற தச்சர். அவருடைய நான்காவது கடிகாரத்தை 1761ஆம் ஆண்டின் இறுதியில் மகன் வில்லியம் கப்பலில் ஜமேக்காவுக்குக் கொண்டு போனார். 81 நாட்களில் அதில் கண்ட பிழை சுமார் 5 செக்கன் மாத்திரமே. ஆனால் இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கடிகாரம் பிசகாமல் ஓடியது என்று இதற்குப் பொருள் அல்ல. அது நாள்தோறும் எவ்வளவு பிந்துகிறது என்பதைப் புறப்படும் முன்பே அளந்து வைத்திருந்தார்கள். கடந்த நாட்களால் அதைப் பெருக்கிக் கழித்த பிறகுதான் அந்த 5 செக்கன். ஆகவே நல்ல கடிகாரம் என்பது பிழையே இல்லாதது அல்ல. ஒரே அளவாகப் பிழை செய்வதும், அந்த அளவு நமக்குத் தெரிந்ததும்தான் நல்ல கடிகாரம்.

மூன்றாவது பாடத்தைத் தருபவர் ஒரு பெண். இலண்டனில் ஜோன் ஹென்றி பெல்வில் என்பவர் கிரீனிச் வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். 1836ஆம் ஆண்டு முதல் அவர் ஒரு நல்ல கடிகாரத்தை அங்குள்ள பிரதான கடிகாரத்தோடு ஒப்பிட்டு, நகரிலுள்ள கடிகாரக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சரியான நேரத்தைக் காட்டி வந்தார். 1856இல் அவர் இறந்ததும் அவருடைய விதவை மரியா அதைத் தொழிலாக ஏற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1892 முதல் மகள் ரூத் அதைத் தொடர்ந்தார். கிழமைதோறும் கிரீனிச்சுக்குப் போவார். அங்கே அவருடைய கடிகாரம் எவ்வளவு முந்தியிருக்கிறது, எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று எழுதிய சான்று ஒன்றைக் கொடுப்பார்கள். அந்தக் கடிகாரத்தைச் செய்தவரின் பெயரான 'ஆர்னோல்ட்' என்றே அதையும் அழைத்தார். அதைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு வீதி வீதியாகப் போவார்.

மின்கம்பி வழியே நேரம் அனுப்பும் கம்பனிகள் வந்தன. அத்தகைய கம்பனி ஒன்றின் பணிப்பாளர் 1908இல் ஒரு கூட்டத்தில் அந்தப் பெண்ணின் தொழிலைத் தாக்கிப் பேசினார். ரூத் பதற்றப்படவில்லை. தம் வேலையைத் தொடர்ந்தார். 1924 பெப்ரவரியில் பி.பி.சி. வானொலி மணிக்கு மணி 'பிப்' ஒலி கொடுக்கத் தொடங்கியது. 1936இல் தொலைபேசியிலேயே நேரம் சொல்லும் சேவையும் வந்தது. அதற்குப் பிறகும் 1940 வரை, 86 வயது மட்டும், அவருக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவருடைய கடிகாரம் உலகிலேயே சிறந்தது என்பதற்காக அல்ல. தவறாமல் ஒப்பிடப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதற்காகத்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

இந்த மூன்று பாடங்களையும் சேர்த்தால் முறை தெளிவாகிவிடும். நேரத்திற்கு ஒரு தாயைத் தெரிவு செய்தல், அதைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிடுதல், பிழையை எழுதி வைத்தல். இவ்வளவுதான்.

தாயாக எதை வைப்பது? இன்று பலருடைய வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. அதில் நேரம் 'தானியங்கி' என்று வைக்கப்பட்டிருந்தால் தொலைபேசிக் கோபுரத்திலிருந்து நேரத்தைப் பெற்றுக்கொள்ளும். வீட்டுக் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் சிம் இல்லாமல், இணைப்பில்லாமல் மேசை லாச்சியில் கிடக்கும் தொலைபேசியை நம்ப வேண்டாம். அதுவும் கேட்க ஆள் இல்லாத இன்னொரு கடிகாரம்தான். முடிந்தால் வெவ்வேறு கம்பனிகளின் இணைப்புள்ள இரண்டு தொலைபேசிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மனம் ஆறுதல் அடையலாம்.

சாதாரண வானொலிப் பெட்டியும் நல்ல துணை. மணிக்குரிய 'பிப்' ஒலிகளில் கடைசி ஒலி தொடங்கும் கணமே சரியான மணி. ஆனால் கவனியுங்கள்: இணையம் வழியாகக் கேட்கும் வானொலியும் செய்மதித் தொலைக்காட்சியும் ஒலியைச் சேமித்து அனுப்புவதால் பிந்தியே வரும். அவற்றில் கேட்கும் மணியொலியை வைத்து நேரம் திருத்தக் கூடாது.

இதைவிடத் துல்லியம் தேவைப்படும் இடங்களுக்கு ஜீ.பீ.எஸ். இருக்கிறது. அந்தச் செய்மதிகள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. திறந்த வானத்தின் கீழ் வைத்த ஒரு சிறு வாங்கி, இணையமும் சிம்மும் இல்லாமலே அந்த நேரத்தைப் பிடித்துக் கணனிக்குக் கொடுக்கும். உங்கள் பிள்ளைகள் 'ராஸ்பெரி பை' போன்ற சிறு கணனிகளில் பழகுகிறார்களாயின் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அவற்றில் பல வகைகளுக்கு உள்ளே கடிகாரமே கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். வெப்பநிலையைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கடிகாரச் சில்லு ஒன்றை அதில் பொருத்தலாம். 'டீ.எஸ். 3231' என்ற சில்லில், நம் நாட்டு வெப்பநிலையில், வருடத்திற்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்திற்கு மேல் பிசகு வராது.

நேரம் திருத்தும் முறை

முதலில் கணக்கு எழுதும் வேலைகளை எல்லாம் சேமித்து மூடிவிடுங்கள். கணனி முந்தி ஓடியிருந்தால் நாம் நேரத்தைப் பின்னே எடுக்கப் போகிறோம். அப்போது கணக்கு திறந்திருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பதிவுகள் விழுந்து குழப்பம் வரும்.

இரண்டாவதாக, வருடம், மாதம், நாள் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு நாட்டின் நேர வலயம் 5:30தானா என்று பாருங்கள். மூன்றாவதாக, காலையா மாலையா என்று பாருங்கள். பன்னிரண்டு மணித்தியாலப் பிழை செக்கன் பிழையைவிட அதிகமாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். வலயத்தைத் திருத்திய பிறகே நேரத்தைத் திருத்த வேண்டும். மாற்றிச் செய்தால், வலயத்தை மாற்றும்போது நேரமும் கூடவே நகர்ந்துவிடும்.

நான்காவதாக, திருத்தும் முன் இப்போதுள்ள பிழையைக் கொப்பியில் எழுதுங்கள். 'இன்று தொலைபேசியில் 10 மணி 0 செக்கன். கணனியில் 10 மணி 1 நிமிடம். 60 செக்கன் முந்தியிருக்கிறது' என்று. அவசரத்தில் இதை விட்டுவிட வேண்டாம். ஹரிசனின் இரகசியம் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

ஐந்தாவதாக, வரப்போகும் நிமிடத்தைக் கணனியில் எழுதி, செக்கன் காட்டினால் அதை 00 ஆக்கி, தொலைபேசியில் அந்த நிமிடம் பிறக்கும் கணத்தில் பொத்தானை அழுத்துங்கள். தாயும் மகளும் என இருவர் இருந்தால் ஒருவர் எண்ண, மற்றவர் அழுத்தலாம். இரண்டாவது கணனியையும் அதே அமர்வில், அதே தொலைபேசியைக் கொண்டே திருத்துங்கள். முதற் கணனியைப் பார்த்து இரண்டாவதைத் திருத்த வேண்டாம். பிரதியைப் பார்த்துப் பிரதி எழுதினால் பிழை கூடுமே தவிரக் குறையாது.

அடுத்த மாதமும் இதே போல ஒப்பிடுங்கள். 30 நாட்களில் 60 செக்கன் முந்தியிருந்தால் நாளொன்றுக்கு 2 செக்கன் என்று பொருள். இனி இடையில் ஒரு நாள், உதாரணமாகப் பதினைந்தாம் நாள், சரியான நேரம் வேண்டுமானால் கணனி காட்டுவதில் 30 செக்கனைக் கழித்துவிடலாம். லினக்ஸ் என்ற இயக்குதளத்தில் இதையே கணனியும் செய்யும். கடைசியாகத் திருத்திய நாளையும் அன்றாடப் பிழையையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துத் திருத்திக்கொள்ளும் கட்டளை அதில் உண்டு. மற்ற வீடுகளில் அந்தக் கோப்பு உங்கள் கொப்பிதான்.

ஒரு மாதம் 60 செக்கன், அடுத்த மாதம் 58, அதற்கடுத்து திடீரென்று பல நிமிடங்கள் என்று வந்தால், அல்லது திகதியே பின்னே போயிருந்தால், அது படிகத்தின் குற்றமாக இராது. வட்டப் பற்றரியைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கணனியைப் போடும்போது 'சீமோஸ்' என்ற சொல்லோடு ஏதாவது எச்சரிக்கை வந்தாலும் அதே அர்த்தம்தான். மேசைக் கணனியாயின் மின்வயரைக் கழற்றிய பிறகு, பழையதில் எழுதியிருக்கும் அதே இலக்கமுள்ள புதிய பற்றரியைப் போடலாம். மடிக்கணனியாயின் திருத்துபவரிடம் கொடுப்பதே நல்லது.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. கழற்றிய பற்றரியைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். தேய்ந்த பற்றரியிலும் சக்தி மீதி இருக்கும். சிறு குழந்தை அதை விழுங்கி, அது தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்திற்குள்ளேயே உள்ளே கடுமையான புண் உண்டாகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், வலி வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பழைய பற்றரியின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

கணக்கு எழுதும் சகோதரிகளுக்கு

திகதி என்பது வெறும் எண் அல்ல. தவணை குறித்துக் கடன் கொடுக்கும்போது அதை எழுதி வைக்குமாறு சூரா அல்பகராவிலுள்ள நீண்ட வசனம் கட்டளையிடுகிறது. சாட்சிகளையும் வைக்கச் சொல்கிறது. தவணை என்றால் அதில் காலம் இருக்கிறது. காலம் பிழைத்தால் எழுத்தும் பிழைக்கிறது. ஆகவே பிறர் பணத்தின் கணக்கை எழுதுபவர், அந்த எழுத்தின் மேல் திகதி போடும் கடிகாரத்துக்கும் பொறுப்பாளியாகிறார்.

கணனி தானாகப் போடும் திகதியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை இலக்கம் போடுங்கள். திகதி பிழைத்தாலும் எது முந்தியது, எது பிந்தியது என்று அது சொல்லும். பணம் வாங்கும்போதே கையால் எழுதிய சிறு பற்றுச்சீட்டில் திகதியிட்டு இருவரும் கையொப்பம் வையுங்கள். பென் ட்ரைவில் பிரதி எடுக்கும்போது கோப்பின் பெயரிலேயே வருடம், மாதம், நாளை எழுதுங்கள். 'புதியது எது' என்று கணனியிடம் கேட்காமல் அந்தப் பெயரையும் கடைசி வரிசை இலக்கத்தையும் பாருங்கள். பழையது என்று தோன்றுவதையும் ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

பிழையான திகதி விழுந்துவிட்டது தெரிய வந்தால் இரகசியமாக மாற்றிவிடாதீர்கள். இரகசியமாகத் திருத்தியது பிறகு தெரிய வந்தால், இல்லாத குற்றமும் இருப்பதாகிவிடும். பழைய பதிவை அப்படியே விட்டு, பக்கத்தில் 'இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை கணனியின் திகதி பிழை. சரியான திகதி இது' என்று எழுதுங்கள். குழுவின் அடுத்த கூட்டத்தில் பற்றுச்சீட்டுகளோடு அதை வாசித்துக் காட்டுங்கள். நேரம் ஒப்பிட்ட கொப்பியையும் மேசையில் வையுங்கள். மாதம் தவறாமல் எழுதிய அந்தச் சிறு வரிகள் உங்களுக்காகப் பேசும்.

பள்ளிவாசல் பரிபாலன சபைகளில் உறவினர் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சுவரிலுள்ள வக்துப் பலகையின் உள்ளேயும் ஒரு குவார்ட்ஸ் படிகம்தான் இருக்கிறது. றமழான் பிறப்பதற்கு முன் அதையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பது, ஸஹரின் கடைசி நிமிடத்தையும் இப்தாரின் முதல் நிமிடத்தையும் அதை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குச் செய்யும் உதவியாகும்.

இன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து மூன்று விடயங்களை எழுதுங்கள்: இன்றைய திகதி, தொலைபேசியின் நேரம், கணனியின் நேரம். அடுத்த இதழ் உங்கள் கைக்குக் கிடைக்கும் நாளில் அதே பக்கத்தில் இரண்டாவது வரியை எழுதுங்கள். அப்போது உங்கள் கணனி எப்படி ஓடுகிறது என்று அதைச் செய்தவருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.